குதிகால் மச்சமும் கட்டைப்பையும்

எங்கள் அப்பாவின் வைத்திய வரலாறு முழுவதும் ஒரு ஆரெம்கேவி கட்டைப்பைக்குள் இருந்தது. சுகர் ரிப்போர்ட், ஈசிஜி, கண் ஆபரேஷன் சீட்டு, பாளையங்கோட்டையில் எடுத்த எக்ஸ்ரே, அதைப் பார்த்துவிட்டு மதுரையில் வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டு, எல்லாம். எந்த டாக்டரிடம் போனாலும் பையைத் தூக்கிக்கொண்டு போவார், அவர் கேட்பதற்கு முன்பே மேசையில் பரப்பிவிடுவார். காலேஜ் படிக்கிற வயதில் எனக்கு அது பெரிய மானக்கேடு. பிறகு இந்த நாட்டுக்கு வந்து, பேரையும் பிறந்த தேதியையும் சொன்னால் போதும், மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றபோது அப்பாடா என்றிருந்தது.

இப்போது என்னிடமும் ஒரு கட்டைப்பை இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், சின்சில்லா என்ற சின்ன ஊரில். பிரிஸ்பேனிலிருந்து மேற்கே கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். தர்பூசணிக்குப் பேர்போன ஊர், ராட்சதத் தர்பூசணிச் சிலையே ஒன்று வைத்திருக்கிறார்கள். இவருக்கு எரிவாயுக் கம்பெனியில் வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில். அங்கே நான் குளிப்பாட்டிவிடும் தாத்தா பாட்டிகளில் உடம்பில் வெட்டுத் தழும்பு இல்லாத ஆள் அபூர்வம். மூக்கு நுனி, காது மடல், முன்கை என்று எங்கேயாவது ஒரு துண்டை டாக்டர் எடுத்திருப்பார். இந்த நாட்டில் 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. சட்டையைப் போடு, க்ரீமைத் தடவு, தொப்பியை வை என்று கார்ட்டூன் கடற்பறவை ஒன்று 1981இல் டிவியில் பாட ஆரம்பித்தது, அந்தப் பாட்டு இன்றைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். அதெல்லாம் வெள்ளைத் தோல்காரர்கள் பாடு, நமக்கென்ன என்றுதான் நானும் இருந்தேன்.

2022 பிப்ரவரியில் வலது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன். பித்தவெடிப்பில் அழுக்கு ஏறியிருக்கிறது என்று நினைத்து, குளிக்கும்போதெல்லாம் கல்லை வைத்துத் தேய்த்தேன். ஒரு மாதம் தேய்த்திருப்பேன், போகவில்லை. பிரஷர் மாத்திரைக்குச் சீட்டு வாங்க ஊர் டாக்டரிடம் போனபோது, கிளம்பும் நேரத்தில், கதவில் கை வைத்துக்கொண்டே, "டாக்டர், அப்படியே இதையும் ஒரு பார்வை பாருங்களேன்" என்று செருப்பைக் கழற்றினேன்.

அவர் நைஜீரியாக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கே வரும் டாக்டர்கள் பொதுவாகப் பத்து வருடம் ஆள் பற்றாக்குறையுள்ள இடங்களில் வேலை பார்க்கவேண்டும் என்று ஒரு விதி இருப்பதால், இந்த மாதிரி ஊர்களில் டாக்டர் என்றால் பெரும்பாலும் லாகோஸ், லாகூர், கொழும்பு, ஹைதராபாத்தான். விளக்கு வைத்த ஒரு கையடக்கப் பூதக்கண்ணாடி உண்டு, டெர்மாஸ்கோப் என்பார்கள், அதைக் குதிகாலில் ஒட்டிவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். என்னையும் திரையில் பார்க்கச் சொன்னார். கைரேகை மாதிரி உள்ளங்காலிலும் ரேகை இருக்கிறது இல்லையா, வயலில் வரப்பும் வாய்க்காலும் போல மேடும் பள்ளமுமாக வரிசை வரிசையாகப் போகும். சாதாரண மச்சம் என்றால் கறுப்பு பள்ளத்தில் ஓடும். மேட்டில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும். என்னுடையது மேட்டில் ஓடியது. மை ஊற்றிய மாதிரி, வரப்பு வரப்பாக.

"பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இந்த வகைதான், அவருக்குக் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில்" என்றார் டாக்டர். மார்லிக்கு 1977இல் கண்டுபிடித்தார்கள், 1981இல் 36 வயதில் இறந்துபோனார். (அதே 1981. கடற்பறவை பாட ஆரம்பித்த வருடம்.) மெலனோமா என்பது தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் வரும் புற்று. இந்த வகை மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் பெரிதாகச் சம்பந்தம் கிடையாது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடி என்று வெயில் படாத இடத்தில்தான் வரும். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு மெலனோமா வருவதே குறைவு, ஆனால் வந்தால் அதில் பெரும்பங்கு இப்படித்தான் காலடியில் வருகிறது. இதை முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற எனக்கே தெரியாது என்பதுதான் வெட்கம்.

வைத்தியத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புற்று தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதற்கு பிரெஸ்லோ அளவு என்று பெயர். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்பவர் 1970இல் கொண்டுவந்தது, இன்றைக்கும் மெலனோமா என்றதும் எல்லா டாக்டரும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். எனக்கு 1.6 மில்லிமீட்டர். பிரிஸ்பேனில் குதிகாலைச் சுற்றி வெட்டி எடுத்து, தொடைத்தோலை எடுத்து ஒட்டுப் போட்டார்கள். கூடவே காலில் நீலச் சாயத்தை ஊசி போட்டு, அது தொடையிடுக்கில் முதலில் போய்ச் சேரும் நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதித்தார்கள். (மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இருந்தும் பதறிவிட்டேன்.) அந்த முடிச்சில் கடுகைவிடச் சின்னதாக ஒரு துணுக்கு இருந்தது. முன்னெல்லாம் அப்படி இருந்தால் தொடையிடுக்கில் உள்ள மொத்த முடிச்சுகளையும் வழித்து எடுத்துவிடுவார்களாம், பல பேருக்குக் கால் வீங்கிப்போகும் என்று நர்ஸ் சொன்னார். 1,900 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. மிச்ச முடிச்சுகளையும் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை, அல்ட்ராசவுண்டில் கண்காணித்து வந்தாலே போதும் என்று அதில் தெரிந்ததால் என் கால் தப்பியது. முதல் இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் ஐந்தாம் வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒன்று என்று ஸ்கேன். அதோடு ஒரு வருடம் இம்யூனோதெரபி (நம் எதிர்ப்புச் சக்தியையே புற்றோடு மோதவிடும் மருந்து), பிரிஸ்பேன் போகிற வழியில் உள்ள டுவூம்பாவில், நான்கு வாரத்துக்கு ஒரு டிரிப்.

இந்த டிரிப் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஊர் டாக்டரின் அருமை முதலில் தெரிந்தது. ஏழாவது மாதம், எனக்கு எந்நேரமும் தூக்கம், முடி கொட்டுகிறது, சுடிதார் இறுக்குகிறது. வயது 49, மாதவிலக்கு நிற்கிற நேரம் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். ஊர் டாக்டர் பிரஷர் பார்க்கும்போது முகத்தைப் பார்த்தார். "உன் குரல் மாறியிருக்கிறது" என்றார். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார். இம்யூனோதெரபி நம் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிவிடும்போது அது சில பேருக்குத் தைராய்டையும் ஒரு கை பார்த்துவிடும், எனக்குப் பார்த்துவிட்டது. அடுத்த டிரிப்புக்குப் போகும்போது எப்படியும் ரத்தம் எடுத்திருப்பார்கள், கண்டுபிடித்திருப்பார்கள், நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நான் பேசினால் முன்பு எப்படி இருக்கும் என்று ஸ்பெஷலிஸ்டுக்கு எப்படித் தெரியும்? என் குரலை ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் ஊர் டாக்டர்.

2023 நடுவில் டிரிப் முடிந்தது. பிரிஸ்பேனில் ஸ்பெஷலிஸ்ட் அம்மா சொன்னார், இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கவேண்டும், ஒவ்வொரு தடவையும் நீ 300 கிலோமீட்டர் வரவேண்டாம், ஒரு தடவை நான் பார்க்கிறேன், அடுத்த தடவை உன் ஊர் டாக்டர் பார்க்கட்டும், ஸ்கேனை டுவூம்பாவில் எடுத்துக்கொள்.

உண்மையைச் சொன்னால், என்னைக் கைகழுவி விடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. இவருக்கோ சந்தோஷம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, ரோட்டில் கங்காரு பாயுமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டுவது அவர்தானே. அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, பெரிய டாக்டரு பாத்துக்கிட்டு இருக்கும்போது சின்ன டாக்டருகிட்ட என்னத்துக்குப் போற? ரெண்டு பேரு பாத்தா ரெண்டு பேரும் பாக்க மாட்டாவ" என்றாள். அப்போது எரிச்சல் வந்தது. அம்மா அஞ்சாங்கிளாஸ். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவள் சொன்னதில் பாதி சரி.

ஊர் டாக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்திலும் ஒரு தயக்கம். வெயிலால் வரும் தோல் புற்றுகளை அவர் தினமும் பார்க்கிறார், வெட்டுகிறார், திரவ நைட்ரஜனை வைத்துச் சுடுகிறார். பக்கத்து வீட்டுக் கிழவருக்கு இதுவரை பதினெட்டு எடுத்திருக்கிறார், அதற்கு பிரிஸ்பேனே தேவைப்படவில்லை. ஆனால் காலடி மெலனோமா அவர் வாழ்க்கையில் நான் இரண்டாவது ஆளாம். "எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன்" என்று என் முன்னாலேயே பிரிஸ்பேனுக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் லைனில் காத்திருந்தார், வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பிரஷர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். ஸ்பெஷலிஸ்ட் வந்ததும் அவர் கேட்ட கேள்விகளை நான் இன்னும் மறக்கவில்லை. நான் எதைத் தொட்டுப் பார்க்கவேண்டும்? எது இருந்தால் பயப்படவேண்டும்? அப்படி ஏதாவது இருந்தால் நீ எத்தனை நாளில் பார்ப்பாய்? ஸ்கேன் சீட்டை யார் எழுதுவது? ரிசல்ட்டை யார் துரத்துவது?

இந்த ஐந்தும்தான் விஷயமே. மிச்சமெல்லாம் அலங்காரம்.

பத்து நாளில் ஒரு பக்கத்துக்கு ஒரு தாள் வந்தது. என் பிரெஸ்லோ அளவு, எந்த நிலை, என்ன ஆபரேஷன், என்ன மருந்து, எந்த மாதம் எங்கே செக்கப், தைராய்டு ஊர் டாக்டர் பொறுப்பு, சந்தேகம் என்றால் இரண்டு வாரத்துக்குள் பிரிஸ்பேனில் பார்ப்பார்கள், மெலனோமா நர்ஸின் நேரடி எண். அதில் ஒரு வரியை டாக்டர் பேனாவால் அடிக்கோடிட்டார். வயிற்றுப்போக்கு நிற்காமல் போனால் சாப்பாட்டுக் கோளாறு என்று விட்டுவிடாதே, இம்யூனோதெரபியின் பக்கவிளைவு மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட வரும், எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்.

அவர் செய்கிற செக்கப்பை ஒரு தடவை விவரித்துவிடுகிறேன், ஏனென்றால் இதை நீங்களும் கேட்டு வாங்கவேண்டும். முதலில் தழும்பு. ஒட்டுப்போட்ட ஓரம் முழுவதும் விரல் நுனியால் நெருடிப் பார்ப்பார், புதிதாகக் கறுப்போ தடிப்போ இருக்கிறதா என்று. அங்கிருந்து கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று இரண்டு கையாலும் மேலே தடவிக்கொண்டே வருவார். புற்று போகிற பாதை அது, வழியில் தோலுக்கு அடியில் மிளகு மாதிரி ஏதாவது உருண்டு நிற்கலாம். முழங்காலின் பின்மடிப்பில் அழுத்திப் பார்ப்பார், அங்கேயும் முடிச்சு உண்டு. அப்புறம் தொடையிடுக்கு, நர்ஸ் பெண் கூட நிற்பாள். நம் ஊரில் காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் "நெறி கட்டியிருக்கு" என்போமே, அந்த நெறிதான் அவர் தேடுவது, வலிக்கிற நெறி இல்லை, வலிக்காத நெறி. கடைசியில் மற்ற கால், இரண்டு உள்ளங்கை, இருபது நகம். நகப்பூச்சு போட்டுக்கொண்டு வராதே என்பார். முதுகையும் பார்ப்பார். மொத்தம் இருபது நிமிடம். பிரிஸ்பேனில் இதே வேலை எட்டு நிமிடத்தில் முடியும், அவர்கள் கை அப்படிப் பழகியிருக்கிறது, அதுவும் நியாயம்தான்.

இடையில் நான் இதைப்பற்றி நிறைய நோண்டினேன். ஊர் டாக்டர்களே மெலனோமா செக்கப்பைச் செய்யலாமா என்று ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்தீன் பக்கம், ஒழுங்காக ஒரு ஆய்வு நடத்தி 2010இல் வெளியிட்டிருக்கிறார்கள். 35 கிளினிக், புற்று திரும்பி வராத 142 பேர். பாதிப் பேரை ஆஸ்பத்திரியிலேயே பார்த்தார்கள், மீதிப் பேரை ஊர் டாக்டர் பார்த்தார். ஊர் டாக்டர் பார்த்தவர்கள் அதிகத் திருப்தியாக இருந்தார்கள், செய்யவேண்டியதைச் செய்யவேண்டிய முறைப்படி செய்ததும் அங்கேதான் அதிகம், மனக்கவலையும் கூடவில்லை. சின்ன ஆய்வு, ஒரு வருடக் கணக்கு, ஆகவே ஆயுள் கூடுமா குறையுமா என்றெல்லாம் அதை வைத்துச் சொல்லமுடியாது. என்னைப்போல முடிச்சு வரை போனவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் அதைச் சும்மா "இந்தா நீ பார்" என்று தூக்கிக் கொடுக்கவில்லை. டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சந்தேகம் என்றால் வரிசையில் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவர ஒரு குறுக்குவழி வைத்தார்கள். யார் யார் எப்போது வரவேண்டும் என்ற பட்டியலை ஒரே இடத்தில் வைத்து, அங்கிருந்தே கூப்பிட்டார்கள்.

அந்தக் கடைசி விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். என் கதையில் ஓட்டை விழுந்தது சரியாக அங்கேதான்.

2024 ஏப்ரலில் பிரிஸ்பேன் செக்கப். இரண்டு வருடம் முடிந்துவிட்டது, இனி ஸ்கேன் ஆறு மாதத்துக்கு ஒன்று, அடுத்தது அக்டோபர், உன் டாக்டருக்கு எழுதிவிடுகிறேன் என்றார்கள். எழுதினார்கள். ஆகஸ்டில் ஊர் டாக்டர் போய்விட்டார். பத்து வருடம் முடிந்தது, பிள்ளைகள் பெரிய கிளாஸ், கோல்ட் கோஸ்ட் பக்கம் வேலை கிடைத்துவிட்டது. ஊரே கேக் வெட்டி அனுப்பியது, நான் உளுந்தவடை சுட்டுக்கொண்டு போனேன். புது டாக்டர்கள் பயிற்சி டாக்டர்கள், ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருப்பார்கள்.

அக்டோபர் வந்தது, போனது. போன் வரும் என்று நான் இருந்தேன். ஊர் டாக்டர் சீட்டு எழுதியிருப்பார் என்று பிரிஸ்பேன் இருந்தது. ஊர் கிளினிக்கில் யாரும் எதுவும் நினைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கடிதம் போன டாக்டரின் பெயரில், அவருடைய கணினிப் பெட்டிக்குள், "நடவடிக்கை தேவையில்லை" என்று யாரோ தட்டிவிட்ட குறியோடு கிடந்தது. ரெண்டு பேரு பாத்தா ரெண்டு பேரும் பாக்க மாட்டாவ.

தீபாவளி முடிந்த பிறகு வீடு ஒழிக்கும்போது பழைய ஸ்கேன் கவர் கையில் அகப்பட்டது, தேதியைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் பிரிஸ்பேன் நர்ஸுக்குப் போன் செய்தால், "நாங்கள் ஏப்ரலிலேயே எழுதிவிட்டோமே" என்கிறார். கிளினிக்கில் கேட்டால், ரிசெப்ஷன் பெண், "அந்த டாக்டர் இப்போது இங்கே இல்லையே" என்கிறாள். இரண்டுமே உண்மை. யாரிடம் சண்டை போடுவது? மேனேஜர் பிறகு மன்னிப்புக் கேட்டார், நல்லபடியாகவே கேட்டார். போதாக்குறைக்கு ரெஃபரல் வேறு காலாவதி. இங்கே ஊர் டாக்டர் ஸ்பெஷலிஸ்டுக்கு எழுதும் ரெஃபரல் வழக்கமாகப் பன்னிரண்டு மாதம்தான் செல்லும், அது முடிந்தால் மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடு கொடுக்கிற பணம் குறைந்துபோகும், புதுசாக ஒன்று எழுதி வாங்கவேண்டும். அதையும் எனக்கு நினைவுபடுத்த ஆள் இல்லை.

நவம்பர் கடைசியில் டுவூம்பாவில் ஸ்கேன். ஸ்கேன் எடுக்கிற பெண் பேசிக்கொண்டே இருந்தவள் தொடையிடுக்குக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினாள். இதைக் கடந்து வந்தவர்களுக்கு அந்த மௌனம் தெரியும். ஒரே இடத்தை நாலு பக்கமிருந்தும் அளந்தாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நானும் இவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, டால்பியில் காபிக்கு நிறுத்தி, காபி வாங்காமலே கிளம்பினோம்.

ஒரு முடிச்சு பெரிதாகியிருக்கிறது என்று ரிப்போர்ட். புதிதாக வந்திருந்த பயிற்சி டாக்டர், என் பெண் வயதுதான் இருக்கும், ரிப்போர்ட்டை என்னோடு சேர்ந்து வரி வரியாகப் படித்தாள். முடிச்சு நீள்வட்டமாகவே இருக்கிறது, நடுவில் கொழுப்புப் பகுதி அப்படியே இருக்கிறது. புற்று ஏறினால் பெரும்பாலும் உருண்டையாகி நடுக்கொழுப்பு மறைந்துபோகும் என்று படம் போட்டுக் காட்டினாள். அப்புறம், "செருப்பைக் கழற்றுங்கள்" என்றாள். குதிகாலைப் பார்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தாள். நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் சேற்றுப்புண், வெடித்துச் சிவந்திருக்கிறது. இல்லத்தில் நாள் முழுக்க ஈர ரப்பர் செருப்போடு நிற்கிற கால் இது. கிட்டத்தட்ட மூன்று வருடமாக எல்லாரும் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்ததில் விரல் இடுக்கை நானே பார்க்கவில்லை!

பிரிஸ்பேனுக்குப் போன் போட்டாள், அந்தத் தாளில் இருந்த நேரடி எண்ணுக்கு. புண்ணுக்கு மருந்து, ஆறு வாரத்தில் மறுபடி ஸ்கேன், அதற்குள் பெரிதானாலும் குறையாவிட்டாலும் முடிச்சில் ஊசி போட்டுத் துளி எடுத்துச் சோதிப்பது என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். ஆறு வாரத்தில் முடிச்சு பழைய அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஆறு வாரம் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதப்போவதில்லை.

ஊர் டாக்டரோடு பகிர்ந்துகொண்டதால் வந்த வினைதானே இது, பிரிஸ்பேனிலேயே காட்டியிருந்தால் ஸ்கேன் தவறியிருக்காதே என்று தங்கை கேட்டாள். இருக்கலாம். ஆனால் பிரிஸ்பேனில் என் விரல் இடுக்கை யார் பார்த்திருப்பார்கள்? ஊசி போட்டிருப்பார்கள், அதுவும் தப்பில்லை, ஆனால் தைராய்டைப் பிடித்ததும் சேற்றுப்புண்ணைப் பிடித்ததும் இந்தச் சின்ன ஊரில்தான். இரண்டு பேர் பார்ப்பதில் எனக்கு இப்போதும் பிரச்சினை இல்லை. நடுவில் இருக்கிற பட்டியல் யார் கையில் என்று எழுதி வைக்காததுதான் பிரச்சினை. டாக்டர் பெயருக்கு எழுதாமல் கிளினிக்குக்கு எழுதவேண்டும், எனக்கும் ஒரு பிரதி வரவேண்டும், இதை நான் பிரிஸ்பேனில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இப்போது ஸ்கேன் தேதிகளை மெலனோமா நர்ஸ் தன் பட்டியலில் வைத்திருக்கிறார், ஊர் கிளினிக் சீட்டு மட்டும் எழுதும், தேதி தாண்டி இரண்டு வாரத்தில் ரிசல்ட் வராவிட்டால் நர்ஸ்தான் துரத்தவேண்டும் என்று தாளில் ஒரு வரி கூடியிருக்கிறது.

புற்று திரும்பி வந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பது அநேகமாக நோயாளியோ வீட்டில் இருப்பவர்களோதான், டாக்டர் இல்லை. அதனால் இங்கே ஆராய்ச்சியும் அந்தப் பக்கம் போகிறது. போனில் மாட்டுகிற சின்ன டெர்மாஸ்கோப்பைக் கொடுத்து, வீட்டிலேயே படம் எடுத்து அனுப்பச் சொல்லி, 100 பேரை வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு 2022இல் வந்தது. நான் அதில் எல்லாம் இல்லை. மாதம் முதல் ஞாயிறு, தலைக்கு எண்ணெய் வைக்கிறதுக்கு முன்னால், இவர் என் குதிகாலைப் பக்கத்தில் ஒரு டாலர் காசை வைத்துப் படம் எடுக்கிறார். அவ்வளவுதான்.

மற்றபடி, அப்பாவின் பை. அவர் போனபிறகு அம்மா அதைப் பீரோவில் வைத்திருந்தாள், போன வருடம் ஊருக்குப் போனபோது காகிதங்களை எடுத்துவிட்டுப் பையை மட்டும் கொண்டுவந்தேன். அதில் என் ஒரு பக்கத் தாள், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், பிரிஸ்பேன் கடிதங்களின் பிரதி, ரெஃபரல் முடிகிற தேதி, தூரத்திலிருந்து வருகிற நோயாளிகளுக்கு மாநில அரசு கொடுக்கிற பயணப்படி ஃபாரம் இரண்டு. ஜனவரியில் மறுபடி டாக்டர் மாறிவிட்டார், இந்தத் தடவை ஒரு நெட்டையான பையன். நான் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். அவன் தாளை எடுத்துப் படித்துவிட்டு, "இதை நான் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளலாமா?" என்றான். அப்புறம் பையைத் திருப்பிப் பார்த்து இது என்ன எழுத்து, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டான். திருநெல்வேலியில் பட்டுப்புடவை விற்கிற கடை என்றேன்.

அடுத்த ஸ்கேன் ஏப்ரல் 14, செவ்வாய். புத்தாண்டு அன்றைக்கு. மாற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம், நாலு மணிக்கே எழுந்து பாயசத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்கிறார் இவர்.